வேலை செய்தால்தான் மருத்துவக் காப்பீடா? மெடிக்கெய்ட் 80 மணி நேர நிபந்தனை பற்றிய விவாதம்

பதிவு 1: சிற்றோடை (அட்லாண்டா புறநகர்)

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான அமெரிக்க ஒன்றிய அரசின் வரவுசெலவுச் சட்டத்தில், குறைந்த வருமானமுள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டைப் பெறுவோரில் ஒரு பகுதியினர் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்போம். நம்மில் பெரும்பாலோர் நிறுவனக் காப்பீட்டில் இருக்கிறோம். பச்சை அட்டை வாங்கி ஐந்து ஆண்டு முடியாதவர்களுக்கு மெடிக்கெய்ட் பொதுவாகக் கிடைப்பதும் இல்லை. ஆகவே இது நம் வீட்டுப் பேச்சாக இல்லை. ஆனால் நம் வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வருகிறவர், நாம் சாப்பிடும் உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர், நம் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர் ஆகியோரின் வீட்டுப் பேச்சு இதுதான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒபாமாகேர் எனப்படும் 2010 சட்டத்தின் விரிவாக்கத்தின் கீழ் மெடிக்கெய்ட் பெறும் 19 முதல் 64 வயது வரையிலானவர்கள், மாதம் 80 மணி நேரம் வேலை, சமூகச் சேவை அல்லது வேலைப் பயிற்சி ஆகியவற்றில் ஈடுபட்டதை, அல்லது பாதி நேர மாணவராகப் படிப்பதைக் காட்ட வேண்டும். 13 வயது அல்லது அதற்குக் குறைந்த குழந்தையின் பெற்றோர், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர், கர்ப்பிணிகள், தீவிர நோயுள்ளவர்கள், போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவோர், பூர்வகுடியினர் உள்ளிட்ட சிலருக்கு விலக்கு உண்டு. மாநிலங்கள் இதை 2027 ஜனவரி 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். விரும்பினால் முன்னதாகவே தொடங்கலாம்.

எங்கள் ஜார்ஜியா மாநிலம் காத்திருக்கவில்லை. 2023 ஜூலை 1 முதலே, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மாதம் 80 மணி நேர நிபந்தனையோடு ஒரு திட்டத்தை நடத்திவருகிறது. சனிக்கிழமைகளில் ஓர் இலவச மருத்துவ முகாமில் படிவம் நிரப்பித் தரும் தொண்டில் இருப்பதால், அந்தத் திட்டத்தை அதன் விண்ணப்பத்தின் வழியாகவே அறிவேன். படுத்த படுக்கையாக இருந்த தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட ஒரு பெண், அந்த மேசையில் என் எதிரே அமர்ந்து, இரவும் பகலுமாகத் தான் செய்கிற பணியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். அவர் வந்த காலத்தில் ஜார்ஜியாவின் திட்டத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. அதே வேலையை அடுத்த வீட்டு முதியவருக்குக் கூலிக்குச் செய்திருந்தால் அவருக்குத் தகுதி கிடைத்திருக்கும். புதிய ஒன்றியச் சட்டம் இத்தகைய பராமரிப்பாளர்களுக்கு விலக்கு அளிக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இந்த நிபந்தனையை ஆதரிப்பவர்களும் இங்கே இருப்பீர்கள் என்று அறிவேன். உங்கள் காரணங்களைக் கேட்க விரும்புகிறேன்.

பதிவு 2: உழைப்பாளி (இண்டியானா)

நான் ஆதரிக்கிறேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பதினொரு ஆண்டுகளாக ஒரு சிறிய உணவகம் நடத்துகிறேன். வாரத்துக்கு எழுபது மணி நேரம் அடுப்படியிலும் கல்லாவிலும் நிற்கிறேன். என் குடும்பத்துக்கான காப்பீட்டை நானே அரசின் காப்பீட்டுச் சந்தையில் வாங்குகிறேன். அதன் மாதத் தவணை என் கடை வாடகையை நெருங்குகிறது. நான் கட்டும் வரியில் ஒரு பங்கு மெடிக்கெய்ட்டுக்குப் போகிறது. முதியவருக்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் அது போவதில் எனக்கு மகிழ்ச்சியே. உடல் நலமும் வயதும் இருந்து, வளர்க்க வேண்டிய குழந்தையும் இல்லாத ஒருவர் வாரத்துக்கு இருபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. சேவை செய்தாலும் போதும், படித்தாலும் போதும் என்றுதானே சட்டம் சொல்கிறது?

1996-இல் கிளின்டன் ஆட்சியில் ரொக்க உதவித்தொகைக்கு இதே போன்ற நிபந்தனையைக் கொண்டுவந்தபோதும் பேரழிவு வரும் என்றார்கள். உதவித்தொகை பெறுவோர் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. தனித்து வாழும் தாய்மார்கள் வேலைக்குச் சென்றது கூடியது. 2025 பிப்ரவரியில், சுகாதாரக் கொள்கையை ஆராயும் கேஎஃப்எஃப் அமைப்பு நடத்திய கருத்துக் கணிப்பில் 62 விழுக்காட்டினர் மெடிக்கெய்ட்டுக்கு வேலை நிபந்தனை வேண்டும் என்று கூறியிருக்கிறார்கள். அத்தனை பேரும் ஏழைகள் மீது இரக்கம் இல்லாதவர்கள் அல்லர்.

பதிவு 3: மருந்தாளுநர் (முன்பு ஆர்கன்சாவின் லிட்டில் ராக், இப்போது மெம்ஃபிஸ்)

உழைப்பாளி அவர்களே, உங்கள் பதிவில் உள்ள நியாய உணர்வை மதிக்கிறேன். இந்த நிபந்தனை அமெரிக்காவில் முதன்முதலில் முழுமையாக அமலான ஊரில், அது அமலான மாதங்களில், மருந்துக்கடை மேசைக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

2018 ஜனவரியில் ஒன்றிய அரசு, விரும்பும் மாநிலங்கள் வேலை நிபந்தனை கொண்டுவரலாம் என்று அறிவித்தது. முதல் அனுமதி கென்டக்கிக்குக் கிடைத்தது. ஆனால் அங்கே திட்டம் தொடங்கும் முன்பே, ஜூன் 29 அன்று வாஷிங்டன் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆர்கன்சாவில் ஜூன் மாதமே தொடங்கிவிட்டது. 30 முதல் 49 வயது வரையிலானவர்கள் முதல் தொகுதி. ஒவ்வொரு மாதமும் 80 மணி நேரம். மறு மாதம் 5-ஆம் தேதிக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரே ஆண்டில் மூன்று மாதங்கள் தவறினால் அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு இல்லை.

கணக்கு எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. தொடக்கத்தில் இணையதளம் ஒன்றே வழி. கடிதத்தில் வந்த குறியீட்டு எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் வைத்துக் கணக்குத் திறக்க வேண்டும். அந்த இணையதளம் ஒவ்வோர் இரவும் 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறக்கும். பகலில் கோழிப் பண்ணையிலோ கிடங்கிலோ நின்றுவிட்டு வீடு திரும்பும் ஒருவருக்கு எஞ்சியிருக்கும் நேரம் அந்த மூடிய நேரம்தான். தொலைபேசி வழியாகவும் கணக்குக் கொடுக்கலாம் என்று அரசு அறிவித்தபோது டிசம்பர் வந்துவிட்டது. அதற்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்திருந்தார்கள். நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் அது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

அவர்களில் பலருக்குத் தங்கள் காப்பீடு போனது என் மேசையில்தான் தெரிந்தது. அட்டையைக் கொடுப்பார்கள், நான் எண்ணைத் தட்டுவேன், திரையில் செல்லாது என்று வரும். ஆஸ்துமா மூச்சுமருந்தின் விலையைச் சொல்வேன். சிலர் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவர் சீருடையோடு, வேலை முடிந்து நேரே வந்தவர். வேலை செய்யாததால் காப்பீடு நீக்கப்பட்டது என்ற செய்தியை, நெஞ்சில் நிறுவனப் பெயர் பொறித்த சட்டையோடு நின்ற ஒருவரிடம் நான் விளக்க வேண்டியிருந்தது. ஏழு ஆண்டுகள் ஆகியும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

பதிவு 4: உழைப்பாளி

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த 18,000 பேரில் எத்தனை பேர் உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள்? இணையதளம் மோசமாக இருந்தது என்றால் அதைத் திருத்த வேண்டும். அதற்காக விதியையே எப்படிக் குறை சொல்வது?

பதிவு 5: கணக்கர் (கொலம்பஸ், ஓஹையோ)

உங்கள் முதல் கேள்விக்கு ஓரளவு விடை இருக்கிறது. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆர்கன்சாவிலும் வேறு சில மாநிலங்களிலும் மக்களிடம் நேரடியாகக் கேட்டு, 2019 ஜூனில் நியூ இங்கிலாந்து மருத்துவ ஆய்விதழில் முடிவை வெளியிட்டார்கள். நிபந்தனைக்கு உட்பட்ட வயதினரில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே போதிய நேரம் உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள். வேலைவாய்ப்பு கூடியதற்கான அடையாளம் இல்லை. காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை கூடியது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் அப்படி ஒரு விதி இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை. மறு ஆண்டு வந்த தொடர் ஆய்வில், காப்பீட்டை இழந்தவர்களில் பாதிப் பேர் மருத்துவக் கடனைக் கட்ட முடியாமல் கடுமையாகத் தவித்ததாகவும், 64 விழுக்காட்டினர் பணமில்லாமல் மருந்து எடுப்பதைத் தள்ளிப்போட்டதாகவும் தெரிந்தது.

தேசிய அளவிலும் படம் இதுதான். கேஎஃப்எஃப் அமைப்பின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 19 முதல் 64 வயது வரையிலான, மாற்றுத்திறன் உதவித்தொகையோ மெடிகேர் என்ற மற்றோர் அரசுக் காப்பீடோ பெறாத மெடிக்கெய்ட் பயனாளிகளில் 64 விழுக்காட்டினர் வேலையில் இருக்கிறார்கள். 12 விழுக்காட்டினர் குடும்பத்தில் ஒருவரைப் பராமரிக்கிறார்கள், 10 விழுக்காட்டினர் நோய் அல்லது இயலாமையால் வேலைக்குச் செல்லவில்லை, 7 விழுக்காட்டினர் படிக்கிறார்கள். வேலை கிடைக்காதவர், ஓய்வு பெற்றவர், பிற காரணம் உள்ளவர் எல்லாம் சேர்ந்து 8 விழுக்காடு. சட்டம் தேடுகிற மனிதர் இந்த 8 விழுக்காட்டுக்குள் எங்கோ இருக்கிறார். அவரைத் தேடுவதற்காக மற்ற எல்லோரையும் வரிசையில் நிறுத்தித் தாள் கேட்கிறோம்.

1996 பற்றி நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் முழு உண்மை அன்று. உழைக்கும் குடும்பங்களுக்கான வரிச் சலுகை 1993-இல் பெரிதாக விரிவாக்கப்பட்டிருந்தது. பொருளாதாரமும் அந்த ஆண்டுகளில் மிக வலுவாக இருந்தது. இவற்றில் எதனால் எவ்வளவு பேர் வேலைக்குச் சென்றார்கள் என்பதைப் பொருளியலாளர்கள் இன்றும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ரொக்க உதவித்தொகை கையில் வந்தால் வாடகை கட்டலாம், அரிசி வாங்கலாம், ஆகவே அது கூலிக்கு மாற்றாகிவிடும் என்று ஒருவர் அஞ்சுவதில் பொருள் இருக்கிறது. மெடிக்கெய்ட் அட்டையை வைத்து ஒருவேளைச் சோறு வாங்க முடியாது. மருத்துவரைப் பார்க்கலாம், அவ்வளவே. அதை நம்பி ஒருவர் வேலையை விட்டு வீட்டில் உட்கார்வார் என்று நான் எண்ணவில்லை. எங்கள் ஓஹையோ மாநிலம் தன் விரிவாக்கப் பயனாளிகளிடம் எடுத்த ஆய்வில், வேலையில் இருந்தவர்களில் பெரும்பான்மையோர் காப்பீடு இருப்பதால்தான் வேலையைத் தொடர்வது எளிதாக இருக்கிறது என்று கூறியிருந்தார்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால்தானே எட்டு மணி நேரம் நிற்க முடியும்?

பதிவு 6: சிற்றோடை

கணக்கர் அவர்களே, அப்படியானால் 2019-இல் ஆர்கன்சா திட்டத்தை நீதிமன்றம் நிறுத்தியது போல இம்முறையும் நிறுத்த வாய்ப்பு இருக்கிறதா?

பதிவு 7: கணக்கர்

அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது என்றே நினைக்கிறேன். ஆர்கன்சா திட்டத்தை 2019 மார்ச் 27 அன்று நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க் ரத்து செய்தார். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒருமனதாக உறுதி செய்தது. தீர்ப்பை எழுதிய டேவிட் சென்டெல், குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் நியமித்த நீதிபதி. அவர்கள் சொன்ன காரணம் எளிது. மெடிக்கெய்ட் சட்டத்தின் நோக்கம் மருத்துவ உதவி அளிப்பது. எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்பதைச் சுகாதாரத் துறைச் செயலர் எண்ணிப் பார்க்காமலேயே அனுமதி கொடுத்தார். ஆகவே அனுமதி செல்லாது. ஒரு செயலர் தன் அதிகாரத்தை மீறினார் என்ற வாதம் அது. இப்போது விதியை எழுதியிருப்பது நாடாளுமன்றமே. 2025 ஜூலையில் மேலவையில் 51-க்கு 50, கீழவையில் 218-க்கு 214 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. நாடாளுமன்றம் தன் சட்டத்தின் நோக்கத்தைத் தானே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் என் தொழில் கணக்கு. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி, இந்த ஒரு நிபந்தனையால் பத்து ஆண்டுகளில் ஒன்றிய அரசுக்கு ஏறத்தாழ 32,600 கோடி டாலர் மிச்சம். 2034-இல் காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை 53 லட்சம் கூடும். இந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது? மக்கள் வேலைக்குப் போய், வருமானம் உயர்ந்து, நிறுவனக் காப்பீட்டுக்கு மாறுவதால் வருவதாக அந்த அலுவலகம் கருதவில்லை. 2023-இல் இதே போன்ற ஒரு மசோதாவை ஆய்ந்தபோது, வேலை நிலையிலும் வேலை நேரத்திலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது என்றே அது எழுதியது. ஆட்கள் பட்டியலிலிருந்து விழுவதால்தான் பணம் மிஞ்சுகிறது. எல்லோரும் நிபந்தனையை நிறைவேற்றிவிட்டால் சேமிப்பே இருக்காது. ஒரு விதி வெற்றி பெற்றால் கணக்கில் பணம் வராது, தோற்றால்தான் வரும் என்றால், அதை எழுதியவர்கள் எதை எதிர்பார்த்து எழுதினார்கள் என்று நான் கேட்கிறேன்.

பதிவு 8: நிரலர் (சாக்ரமென்டோ)

இதுவரை படித்துக்கொண்டிருந்தேன். உழைப்பாளி அவர்களின் இரண்டாவது கேள்வி, அதாவது இணையதளத்தைத் திருத்தினால் போதாதா என்பது, என் தொழிலைத் தொடுவதால் எழுதுகிறேன். மாநில அரசுகளின் தகுதி நிர்ணய மென்பொருள்களில் ஒப்பந்த அடிப்படையில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நம்மவர் பலர் இந்தத் துறையில் இருக்கிறார்கள். இந்த நிபந்தனையை நிரலாக எழுதப்போவதும் நம்மில் சிலர்தான்.

சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. அரசிடம் ஏற்கெனவே உள்ள தரவைக் கொண்டு சரிபார்க்க முடிந்தால், மக்களிடம் தாள் கேட்காமல் அதையே பயன்படுத்த வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அரசிடம் உள்ள தரவு என்ன? வேலையின்மைக் காப்பீட்டுக்காக நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் ஊதிய அறிக்கை. அதில் எவ்வளவு ஊதியம் என்று இருக்கும். எத்தனை மணி நேரம் என்பது பெரும்பாலான மாநிலங்களில் இருக்காது. அது கைக்கு வரும்போது பல வாரங்கள் பழையதாகியிருக்கும். வாடகைக் கார் ஓட்டுபவர், வீட்டு வேலை செய்பவர், கூலிக்குப் புல் வெட்டுபவர், தன் பெயரில் தொழில் செய்பவர் எவரும் அதில் இல்லை. சமூகச் சேவைக்கு எந்தத் தரவுத்தளமும் இல்லை. விலக்குகளைப் பாருங்கள்: தீவிர நோய் என்பதைச் சிகிச்சைக் கோரிக்கைப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்கலாம் என்பார்கள். ஏற்கெனவே காப்பீட்டில் இருந்து மருத்துவரைப் பார்த்தவருக்குத்தான் அந்தப் பதிவு இருக்கும். புதிதாக விண்ணப்பிப்பவர் நோயாளி என்று சான்று வாங்க மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவரிடம் போகத்தான் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கிறார்.

எந்தத் தரவிலும் சிக்காதவர்களுக்கு ஒரு கடிதம் போகும். 30 நாளுக்குள் சான்று காட்ட வேண்டும். கடிதம் பழைய முகவரிக்குப் போகும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. பெருந்தொற்றுக் காலப் பாதுகாப்பு முடிந்து 2023 ஏப்ரலில் தொடங்கி மாநிலங்கள் எல்லோருடைய தகுதியையும் மறுபடி சரிபார்த்தபோது 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் தகுதியற்றவர் என்று தெரிந்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் திரும்பி வராததால், ஆவணம் குறைந்ததால், நடைமுறைக் காரணத்தால் நீக்கப்பட்டவர்கள். இனி விரிவாக்கப் பயனாளிகளுக்கு அந்தச் சரிபார்ப்பே ஆண்டுக்கு ஒருமுறை என்பதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மாறப்போகிறது.

செலவையும் எண்ணிப் பாருங்கள். ஜார்ஜியா முதல் ஆண்டில் 25,000 பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தது. சேர்ந்தவர்கள் 4,300 பேர் அளவில். 2025 செப்டம்பரில் வெளியான அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தின் அறிக்கைப்படி, அந்தத் திட்டத்தில் மருத்துவத்துக்குச் செலவானதைப் போல இரு மடங்கு நிர்வாகத்துக்குச் செலவாகியிருக்கிறது. நிர்வாகச் செலவு 5 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும் பகுதி மென்பொருளுக்குப் போனது. எங்களைப் போன்றவர்களின் கூலியாக அது எங்களிடம்தான் வந்தது. நோயாளிக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது என்று அறிந்துகொண்டே அதை வாங்குவது எனக்கு எளிதாக இல்லை.

பதிவு 9: உழைப்பாளி

இரண்டு நாள் பதில் எழுதவில்லை. என் கடையின் பணிநேரப் பட்டியலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். எவருக்கும் என்னால் காப்பீடு கொடுக்க முடியவில்லை. குறைந்தது மூன்று பேர் இண்டியானாவின் மெடிக்கெய்ட் திட்டத்தில் இருப்பதாக எனக்குத் தெரியும். அக்டோபர் மாதம் சமையலறை உதவியாளர் ஒருவருக்கு வாரம் 24 மணி நேரம் கொடுத்திருக்கிறேன். சென்ற ஜனவரியில், பனி கொட்டியதால் கூட்டம் இல்லாமல், அதே ஆளுக்கு 14 மணி நேரம்தான் கொடுத்தேன். நான்கு வாரம் சேர்த்தால் 56 மணி. அவர் கூடுதல் நேரம் கேட்டார். நான்தான் இல்லை என்றேன். அவர் உழைக்க மறுத்த மாதம் அன்று அது. நான் வேலை கொடுக்க முடியாத மாதம். 2027 ஜனவரியிலும் பனி கொட்டும். என் முடிவால் அவருடைய காப்பீடு போகுமா? கணக்கர் அவர்கள் விளக்க வேண்டும்.

இன்னும் சொல்கிறேன். உழைக்கிறவன் பெற வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் உழைக்கிறவன் பெறுகிறானா என்பதை இந்தச் சட்டம் அளக்கிற விதம் எனக்கு இப்போது கவலை தருகிறது. என் மாநிலத்தில் 2019-இல் இதே போன்ற ஒரு திட்டம் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்தி வைக்கப்பட்டதை நான் அப்போது கவனிக்கவே இல்லை.

பதிவு 10: கணக்கர்

உழைப்பாளி அவர்களே, உங்கள் பணியாளருக்கு ஒரு வழி இருக்கிறது; அதைத் தெரிந்துவைத்திருப்பது மிக முக்கியம். மணி நேரம் 80 ஆகாவிட்டாலும், மாத வருமானம் ஒன்றியக் குறைந்தபட்சக் கூலியின் 80 மடங்கை எட்டினால் நிபந்தனை நிறைவேறியதாகச் சட்டம் ஏற்கிறது. 7.25 டாலரை 80-ஆல் பெருக்கினால் 580 டாலர். உங்கள் உதவியாளருக்கு மணிக்கு 11 டாலர் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், 53 மணி நேரத்திலேயே அந்தத் தொகை வந்துவிடும். 56 மணி நேரம் போதும். 7.25 மட்டும் கொடுக்கும் கடையில் இதே 56 மணி நேரம் உழைத்தவர் 406 டாலரோடு நின்றுவிடுவார். இருவரும் ஒரே அளவு பாத்திரம் கழுவியிருப்பார்கள்.

பரிமாறுபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அன்பளிப்பு பெறும் பணியாளருக்கு மணிக்கு 2.13 டாலர் அடிப்படைக் கூலி என்று கணக்குக் காட்டும் மாநிலங்களில், அன்பளிப்பை முறையாகப் பதிவு செய்யாவிட்டால் தாளில் அவருடைய வருமானம் மிகச் சிறியதாகத் தெரியும். அதைச் சரியாக எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. பருவகாலத் தொழிலாளருக்கு ஆறு மாத வருமானத்தின் சராசரியைப் பார்க்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் உணவகத்தில் ஆண்டு முழுதும் இருப்பவர் அந்த வகைக்குள் வருவாரா என்பது ஐயமே.

பதிவு 11: சிற்றோடை

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சட்டத்தின் இன்னொரு வரி. புதிதாக விண்ணப்பிப்பவர், விண்ணப்பிக்கும் மாதத்துக்கு முந்தைய மாதத்திலேயே நிபந்தனையை நிறைவேற்றியிருக்க வேண்டும். மாநிலம் விரும்பினால் அது மூன்று மாதம் வரை போகலாம். ஒருவர் எப்போது மெடிக்கெய்ட் கேட்டு வருகிறார்? வேலை போன பிறகு. நிறுவனக் காப்பீடும் அதோடு போன பிறகு. அந்த மேசையில் என் எதிரே உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட மாதத்தில்தான் வருகிறார்கள். வேலை தேடுவது மட்டும் தனியாகக் கணக்கில் வராது. தொழிற்சாலை மூடப்பட்டு இரண்டு மாதம் கழித்து நெஞ்சுவலியோடு வருகிறவரிடம், சென்ற மாதம் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று நான் கேட்டாக வேண்டும்.

இவ்வாறு மெடிக்கெய்ட் மறுக்கப்பட்டவர் காப்பீட்டுச் சந்தைக்குப் போனால், அங்கே பிறருக்குக் கிடைக்கும் தவணை மானியமும் இவருக்குக் கிடையாது என்று அதே சட்டம் தடுக்கிறது. ஆக, எஞ்சியிருக்கும் ஒரே கதவு அவசர சிகிச்சைப் பிரிவு. 1986 சட்டத்தால் அங்கே எவரையும் பார்க்காமல் திருப்பி அனுப்ப முடியாது. நாள்பட்ட நோய்க்கு அங்கே மருத்துவம் பார்ப்பதைவிடச் செலவு மிகுந்த வழி இந்த நாட்டில் இல்லை. அந்தக் கட்டணம் வசூலாகாமல் நின்றால் முதலில் தள்ளாடுவது சிற்றூர் மருத்துவமனைகள். உழைப்பாளி அவர்களே, உங்கள் காப்பீட்டுத் தவணை கடை வாடகையை நெருங்குவது பற்றி எழுதியிருந்தீர்கள். கட்டணம் செலுத்த முடியாதவரின் செலவை மருத்துவமனை வேறு எவரிடமாவது ஈடுசெய்தாக வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டுகிறேன்.

பதிவு 12: கொல்லைத்தோட்டம் (மிச்சிகன்)

வணக்கம், ஒரு சிறு ஐயம். என் அக்காவுக்கு 58 வயது. குடியுரிமை பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அத்தான் இறந்தபின் வருமானம் இல்லை, மெடிக்கெய்ட்டில் இருக்கிறார். இங்கே உள்ள கோயிலில் வாரம் மூன்று நாள் காலையிலிருந்து மாலைவரை மடப்பள்ளியில் வேலை செய்கிறார். அது கணக்கில் வருமா? 2020-இல் எங்கள் மாநிலத்தில் இந்த விதி தொடங்கி இரண்டே மாதத்தில் நீதிமன்றம் நிறுத்தியது. அப்போதே அவர் பயந்துபோய், மூட்டுவலியோடு வேலை தேடினார், எவரும் கொடுக்கவில்லை.

பதிவு 13: நிரலர்

சமூகச் சேவை கணக்கில் வரும் என்று சட்டம் சொல்கிறது. எது சமூகச் சேவை, அதை யார் சான்றளிப்பது என்பது விதிமுறைகளில்தான் தெளிவாகும். ஒன்றியச் சுகாதாரத் துறை இடைக்கால விதிகளை 2026 ஜூன் 1-க்குள் வெளியிட வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அதன்பின் மிச்சிகன் தன் நடைமுறையை அறிவிக்கும். அதுவரை காத்திருக்காமல் சில காரியங்களைச் செய்துவிடுங்கள்.

கோயில் நிர்வாகத்திடம் சொல்லி ஒரு வருகைப் பதிவேடு வைக்கச் சொல்லுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், பொறுப்பாளர் கையெழுத்து. மாதக் கடைசியில் மொத்த மணி நேரத்தைக் குறிப்பிட்டுக் கோயிலின் முகவரித் தாளில் ஒரு கடிதம் வாங்கி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குப் பார்த்த மருத்துவரிடம், நீண்ட நேரம் நிற்கவோ தூக்கவோ இயலாது என்பதை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். விலக்குக் கோர வேண்டி வந்தால் அந்தக் குறிப்பு உதவும், அது இப்போதே, காப்பீடு இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். மாநில இணையதளத்தில் அவருடைய முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று இன்று இரவே பாருங்கள்.

பதிவு 14: உழைப்பாளி

நிரலர் அவர்களே, அந்த வருகைப் பதிவேட்டின் மாதிரி உங்களிடம் இருந்தால் இங்கே பதிவேற்றுங்கள். என் கடையிலும் ஒட்டிவைக்கிறேன். இந்த மாதத்திலிருந்து சம்பளச் சீட்டில் மணி நேரத்தையும் அன்பளிப்பையும் தனித்தனியாக அச்சிடச் சொல்லியிருக்கிறேன். ஜனவரிப் பட்டியலையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மூவருக்கும் 580 டாலருக்குக் குறையாமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களின் நேரத்தை நிரப்புவேன்.

பதிவு 15: கொல்லைத்தோட்டம்

அக்காவிடம் பேசிவிட்டேன். பதிவில் இருந்தது நாங்கள் மூன்று ஆண்டுக்கு முன் காலி செய்த வீட்டு முகவரி. இப்போது மாற்றிவிட்டோம். மிக்க நன்றி.